வட்டார எழுத்தாளர் விழா: யார் நடத்தும் பட்டறையில் உட்காரலாம்

எழுத்தாளர் விழா அழைப்பிதழ் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது பெரிய பெயரைத்தான். மேடைப் பேச்சுக்கு அப்படிப் பார்த்துப் போனால் நஷ்டமில்லை. பட்டறைக்கு அப்படிப் போகக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் நடந்த எழுத்தாளர் விழாவில் நான் பெரும்பாலும் பட்டறைகளில்தான் உட்கார்ந்திருந்தேன். நடத்தியவர்களில் சிலர் அபாரம். ஒருவர் நான் கதை எழுதும் விதத்தையே மாற்றிவிட்டார். ஒன்றிரண்டு பேர் பட்டறைக்கென்று எதையும் தயாரித்து வரவில்லை. அடுத்த விழாவுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்கும், விழாக்குழுவில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. விட்டுப்போன ஒற்றும் இரட்டித்துப்போன வரியும் தானாகக் கண்ணில் படும். சிறுகதைகள் எழுதுகிறேன், சில சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அதனால் பட்டறை நடத்துபவரிடம் ஊக்கப் பேச்சை நான் எதிர்பார்ப்பதில்லை. என் பக்கத்தைக் கையில் எடுத்து, எந்த வரியில் கதை நின்றுபோகிறது என்று காட்ட வேண்டும். நான் அங்கேயே உட்கார்ந்து அதைத் திருத்திப் பார்க்க நேரம் தர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் அது நல்ல பட்டறை.

இதற்கான அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்லும் முறையை எழுதி வைத்திருக்கிறார். காலமும் இடமும் பார்க்க வேண்டும், சொல்லப்போகும் பொருளை முன்பே உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் ‘விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து’, கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து கொடுக்க வேண்டும். அவசரப்படாமல், எரிச்சல்படாமல், விருப்பத்தோடு, எதிரில் இருப்பவருக்கு ஏற்றபடி. விழாவில் நான் பார்த்த ஒவ்வொருவரையும் இந்த வரியை வைத்தேதான் எடை போட்டேன்.

முதலில் சிறுகதைப் பட்டறை. நடத்தியவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அழைப்பிதழில் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 15 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று விழாக்குழுவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பதிவு செய்த எல்லாரும் விழாவுக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பாதவர்களுக்கு இடமில்லை. இந்த நிபந்தனை கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் அதன் பலன் தெரிந்தது. தன்னைப் பற்றி ஒரு வாக்கியமும் சொல்லாமல், எங்கள் பக்கங்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எல்லாம் பென்சில் குறிகள். அதுவும் மூன்றே வகை. வாசிக்கும்போது காட்சி கண்ணுக்குத் தெரியாமல் போன இடத்தில் அடிக்கோடு. யார் பேசுகிறார் என்று குழம்பிய இடத்தில் வட்டம். மேலே வாசிக்க ஆசை வந்த இடத்தில் ஒரு டிக். ‘நன்று’, ‘முயற்சி செய்க’ போன்ற சொற்கள் எங்கேயும் கிடையாது. மெய்ப்புப் பார்க்கும் எனக்கு இந்த மூன்று குறிகளின் சிக்கனம் மிகவும் பிடித்தது. குறி என்ன சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியவரே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவியின் கதையை அவர் எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் மற்றது விளங்கும். அடகு வைத்த நகையை மீட்க ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். ‘அப்பாவின் முகத்தில் ஆயிரம் கவலைகள் ரேகைகளாக ஓடின’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். அதன் கீழே அடிக்கோடு.

“அடகுச் சீட்டை அப்பா எங்கம்மா வச்சிருந்தார்?”

“சட்டைப் பைல டீச்சர்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள மடிச்சு வச்சிருப்பார். அம்மாவுக்குத் தெரியாம வச்ச அடகு அது.”

“இது உன் பக்கத்துல எங்க இருக்கு?”

“எழுதலை டீச்சர்.”

“எழுதும்மா.”

அவ்வளவுதான் உரையாடல். அந்தப் பெண் கவலை ரேகைகளை அடித்துவிட்டு, ‘அப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கண்ணாடியை எடுக்கவில்லை. அதன் அடியில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்தார்’ என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது அறையில் எல்லாருக்கும் அந்த வீடு தெரிந்தது. அம்மா, அப்பா, அவர்களுக்கு நடுவில் இந்த மகள், மூன்று பேரும் தெரிந்தார்கள். திருத்தம் முழுவதும் அந்தப் பெண்ணுடையது. ஆசிரியை கேட்டது எங்கே இருந்தது என்ற கேள்வி மட்டும்.

அடுத்தவர் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முறையையும் அவர் யோசித்து வைத்திருந்தார். கதை எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவர் எதிரிலேயே கதையை அலசுவது அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையின் வழியாகப் பரவிய வழக்கம். நம் ஊர்ப் பட்டறைகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக எழுத வருபவர்கள் அதில் நொறுங்கிப் போவதையும் பார்த்திருக்கிறேன். இந்த ஆசிரியை வேறு முறையை எடுத்துக்கொண்டார். லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறை அது. முதலில், கேட்டவர்கள் தங்கள் மனதில் என்ன தங்கியது என்று சொல்ல வேண்டும். அடுத்து, எழுதியவர் தனக்குச் சந்தேகமுள்ள இடத்தைப் பற்றிக் கேட்கலாம். மூன்றாவது, கேட்டவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில்தான் கருத்து, அதுவும் ‘இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா?’ என்று எழுதியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு.

மூன்றாவது படிதான் எங்கள் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. வயதில் பெரியவர் ஒருவர் எழுந்து, இந்தக் காலத்துப் பெண்கள் குடும்பக் கதைகளில் அம்மாவுக்கு இடமே கொடுப்பதில்லை என்று தொடங்கினார். ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. “ஐயா, அதையே கேள்வியாக் கேளுங்களேன்” என்றார். பெரியவர் நின்று யோசித்தார். “இந்தக் கதையில அம்மா எந்த இடத்துல இருக்காங்கம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் தன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவங்க வீட்டுல காத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா எழுதலை” என்றார். பெரியவருக்கும் திருப்தி, கதைக்கும் ஒரு காட்சி கிடைத்தது. வெகுளான் என்று பவணந்தியார் சொன்னதை நேரில் பார்த்தேன்.

குறை இல்லாமல் இல்லை. அவருக்கு எதார்த்தக் கதைகள் மேல்தான் பிடிப்பு. எதிர்காலத்தில் நடக்கும் கதை ஒன்றை எழுதி வந்த இளைஞருக்கு அவரால் அதிகம் உதவ முடியவில்லை. ‘அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வரும்?’ என்று ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதற்கு மேல் போகவில்லை. கதையை எப்படி முடிப்பது என்பதற்கும் நேரம் இருக்கவில்லை. ஆனாலும் அரை நாளில் 15 பேரும் எதையாவது எழுதி, அடித்து, மறுபடி எழுதினோம். விழாவில் இவருக்குத்தான் என் முதல் இடம்.

இரண்டாம் இடம் யாப்புப் பட்டறை நடத்திய இளைஞருக்கு. மரபுக் கவிதை என்றதும் அறையில் பாதி காலியாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனால் உட்கார இடமில்லை. பலகையில் எதுவும் எழுதாமல், “உங்க பேரை மேசையில தட்டுங்க” என்று ஆரம்பித்தார். பெயரை அசைகளாகப் பிரித்து, நேரசை என்றால் ஒரு தட்டு, நிரையசை என்றால் சேர்ந்தாற்போல இரண்டு தட்டு. கண்ணன் என்றால் தட்டு, தட்டு. மலர்விழி என்றால் தட்டுத்தட்டு, தட்டுத்தட்டு. பள்ளிக்கூடத்தில் ‘நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா’ என்று மனப்பாடம் செய்து மறந்துபோனவர்கள் எல்லாரும் இங்கே விரல் வழியாக அதைத் திரும்பப் பிடித்தார்கள்.

அப்புறம்தான் வெண்பாவின் விதியைச் சொன்னார், அதையும் தட்டாகவே. இரண்டு அசைச் சீர் ஒற்றைத் தட்டில் முடிந்தால் அடுத்த சீர் இரட்டையில் தொடங்க வேண்டும். இரட்டையில் முடிந்தால் அடுத்தது ஒற்றை. மூன்று அசைச் சீர் ஒற்றையில் முடிந்தால் மட்டும் அடுத்ததும் ஒற்றையில்தான். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘மழைவரும் முன்னே மணம்’ என்று ஓர் ஈற்றடியைக் கொடுத்தார். முதல் அடியை நாங்கள் எழுதி, குறள் வெண்பா ஆக்க வேண்டும்.

வயரிங் வேலை பார்க்கும் ஒரு பையன் சீக்கிரமே எழுதிவிட்டான். ‘புழுதி கிளப்பும் புதுக்காற்றின் பின்வரும்.’

“தம்பி, காட்சி நல்லா இருக்கு. அடி முடியிற இடத்துல ஈற்றடியையும் சேர்த்துத் தட்டுங்க.”

தட்டினான். பின்வரும்: தட்டு, தட்டுத்தட்டு. மழைவரும்: தட்டுத்தட்டு, தட்டுத்தட்டு.

“இடிக்குதுண்ணே.”

“எங்க?”

“ரெண்டு அடியும் சேர்ற இடத்துல. இரட்டைக்குப் பின்னால இரட்டை வருது.”

“அப்ப என்ன செய்யலாம்?”

பதில் சொல்ல அவன் நேரம் எடுத்துக்கொண்டான். நடத்தியவர் அடுத்த ஆளிடம் நகரவில்லை, விடையையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றபடியே காத்திருந்தார். பையன் ‘பின்வரும்’ என்பதை அடித்துவிட்டு ‘பின்னே’ என்று போட்டான். அறை முழுவதும் சேர்ந்து தட்டினோம்.

புழுதி கிளப்பும் புதுக்காற்றின் பின்னே
மழைவரும் முன்னே மணம்

தளை, அதாவது சீரும் சீரும் சேரும் பொருத்தம், சரியாக வந்துவிட்டது. புழுதிக்கும் புதுக்காற்றுக்கும் மோனை, புழுதிக்கும் மழைக்கும் ழகரத்தில் எதுகை, பின்னேக்கு முன்னே. இதில் பாதியைப் பையன் தெரியாமலே செய்திருந்தான். எதை எங்கே செய்திருக்கிறான் என்று நடத்தியவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாப்பு தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பிழையைத் தானே கேட்டுக் கண்டுபிடிக்க ஒருவனுக்கு நேரம் விடுகிறவர்கள் குறைவு. விரையான் என்பது அதுதான்.

கட்டுப்பாடு வைத்துக்கொண்டு எழுதுவது பழைய பழக்கம் என்று யாரோ சொன்னதற்கு அவர் சொன்ன பதிலும் நினைவில் நிற்கிறது. பாரிசில் 1960இல் எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் சேர்ந்து ஊலிப்போ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் 1969இல் பிரெஞ்சில் மிக அதிகமாக வரும் ‘e’ எழுத்தே இல்லாமல் ஒரு நாவலை எழுதினார். தமிழில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டிலேயே, உதடு ஒட்டியோ குவிந்தோ பிறக்கும் எழுத்துகளை விலக்கி, முருகன் மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடியிருக்கிறார். ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ கிடையாது. “நீங்க நாலு வாக்கியம் முயற்சி பண்ணுங்க” என்று சொல்லி விட்டுவிட்டார். நான் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். புதுக்கவிதை எழுதுபவருக்கு இந்தப் பயிற்சி எப்படி உதவும் என்று ஒருவர் கேட்டபோது மட்டும் சரியான பதில் வரவில்லை. அதை அவர் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும்.

இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில், அழைப்பிதழில் பெரிய எழுத்தில் இருந்த ஒருவர் நடத்திய நாவல் பட்டறையிலும் உட்கார்ந்தேன். மேடையில் அவர் பேசினால் நானும் கடைசி வரை இருந்து கேட்பேன். அவ்வளவு சுவை. ஆனால் பட்டறை முழுவதும் அவர் தன் நாவல்கள் எப்படிப் பிறந்தன என்பதையே பேசினார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. வாசலில் கொடுத்த குறிப்பேட்டில் யாரும் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை. முன்வரிசையில் இருந்த விருந்தினர்களின் கேள்விகளுக்கு நீண்ட பதில். பின்வரிசையில் கையெழுத்துப் பிரதியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா காத்திருந்தார். அவருக்கு ‘நிறைய வாசியுங்கள், விடாமல் எழுதுங்கள்’ என்று மட்டும் கிடைத்தது. ஆசிரியர் ஆகாதவருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் முடத்தெங்கும் ஒன்று. தண்ணீர் ஊற்றி வளர்ப்பது ஒருவர். வளைந்த தென்னை காயைப் போடுவது அடுத்தவர் தோட்டத்தில். பணம் கட்டி, விடுப்பு எடுத்து வந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, பலன் வேறு பக்கம் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த அம்மாவின் பிரதியை யாராவது அன்றைக்கு வாசித்திருக்க வேண்டும். இவரை மாலை மேடைக்கு அழைத்து, பட்டறை நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

வட்டார வழக்குச் சேகரிப்புப் பட்டறையை வட்டார விழாவில் வைத்தது பொருத்தம். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் சொற்களைத் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பின்னால் பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கும் அகராதி செய்தார்கள். மூவரும் கதை எழுதுபவர்கள். சேகரிப்பது கதைக்காரர்களின் வேலையும்தான் என்று சொல்லித்தான் நடத்தியவர் தொடங்கினார். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்பவர். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், தன்னோடு ஒரு முதியவரை அழைத்து வந்ததுதான். இளவயதில் கமலை இறைத்தவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்தவர். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டும்.

முதலில் எங்களில் ஒருவர், “தாத்தா, கமலையில என்னென்ன பாகம் இருக்கும்?” என்று கேட்டார். “வடம் இருக்கும், கூனை இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தாத்தா நிறுத்திவிட்டார். பரீட்சையில் கேள்வி கேட்டது போல அவருக்கு இருந்திருக்கும். நடத்தியவர் நாற்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அண்ணாச்சி, விடியக்காலம் எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க, எப்படி இறைப்பீக?” என்று கேட்டார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கெழக்கு வெளுக்கும் முன்னாலயே மாட்டப் பூட்டிருவோம். மாடு பின்னுக்கு வரயில கூனை கெணத்துக்குள்ள எறங்கும். முன்னுக்குப் போகயில நெறஞ்சு மேல வரும். வால்கயித்தச் சரியா விட்டாத்தான் தண்ணி வாய்க்கால்ல விழும்…” நுகத்தடி, உருளை, மாட்டை அதட்டும் ஓசைகள், வெயில் ஏறியதும் அவிழ்ப்பது என்று கேட்காமலே வந்துகொண்டிருந்தது. சொல்லைக் கேட்காதே, வேலையைக் கேள் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. குறித்துக்கொள்ளும்போது சொல்லோடு அது வந்த வாக்கியத்தையும், யார் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

பேச்சு வழக்கை எழுதும்போது எழுத்துக்கூட்டலில் ஒரு முடிவெடுத்து, ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொள்ளச் சொன்னதற்காக அவருக்குத் தனியாக நன்றி. என் மேசைக்கு வரும் பிரதிகளில் ஒரே பாத்திரம் முதல் பக்கத்தில் ‘வந்துட்டாக’ என்றும் நாலாம் பக்கத்தில் ‘வந்திட்டாங்க’ என்றும் பேசும். எதை வைப்பது என்று எழுதியவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. இந்தப் பட்டறையின் குறை ஒன்றுதான்: சொற்கள் கிடைத்தன, அவற்றை வைத்து ஒரு பத்தி எழுத நேரம் தரவில்லை. தாத்தா பேசி முடித்ததும் அவரை மையமாக வைத்து எல்லாரையும் ஒரு காட்சி எழுதச் சொல்லியிருக்கலாம்.

பதிப்பு ஒப்பந்தம் பற்றிய அமர்வுக்குக் கூட்டமே இல்லை. கவிஞர்கள் அந்த நேரத்தில் வெளியே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடத்திய வழக்கறிஞர் அம்மாவுக்குப் பேச்சில் ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அந்த அறையில்தான் சொல்லப்பட்டன. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவைப் பத்தி பத்தியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் எந்த வரி வரும் என்று காட்டினார். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாட்டுக்கு, ராயல்டி எவ்வளவு என்று அதில் குறிப்பிட வேண்டும். காலம் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு. எல்லை எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை தானாக எழுத்தாளரிடமே திரும்பும். ஆசிரியரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளுக்கும், இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. உரிமையை எழுதிக் கொடுத்த பின்னாலும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57ஆம் பிரிவு உரிமை தருகிறது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு நம் நாட்டில் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். எண் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த ஒரு கவிஞர் தன் முதல் தொகுப்புக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, வாய்வார்த்தைதான் என்றார். “அப்படின்னா உரிமை முழுக்க உங்ககிட்டதாங்க இருக்கு” என்று அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் பதில் வந்தது. அந்தக் கவிஞர் உடனே எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். எல்லாரும் எடுத்துப்போக ஒரு பக்க அச்சுத்தாளும் வைத்திருந்தார். எளிமையான தமிழ், ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. இந்த அமர்வை மதிய நேரத்தின் மந்தத்தில் வைத்தது அநியாயம். காலையில், பொது அரங்கில், எல்லாரும் இருக்கும்போது வைக்க வேண்டும்.

மேடைக் கலந்துரையாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெறியாளர் புத்தகத்தை வாசித்திருந்தால் அமர்வு நன்றாக இருந்தது, வாசிக்காதபோது தொய்ந்தது. மொழிபெயர்ப்பு அமர்வை நடத்திய பெண் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டார். ஒரே பத்தியின் முதல் வரைவையும் அச்சான வடிவத்தையும் மொழிபெயர்ப்பாளரை வாசிக்கச் சொல்லி, நடுவில் மாறியது ஏன் என்று கேட்டார். அது நல்ல யோசனை. இன்னோர் அமர்வில் நெறியாளரின் கேள்வியே பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது. அழைத்து வந்த எழுத்தாளர் மைக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சிறுவர் கதை சொல்லல் அரங்கை வாசலில் நின்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் கதையின் நடுவிலேயே எழுந்து தாங்களே முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள், கதைசொல்லி அதை ஏற்றுக்கொண்டு கதையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவு பார்த்ததே போதும் என்றிருந்தது.

விழாக்குழுவினர் உண்மையாக உழைத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒலிபெருக்கி எல்லா அறைகளிலும் வேலை செய்தது. சக்கர நாற்காலியில் வந்தவருக்காக ஒரு பட்டறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஆனால் தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்துவதும் வாழ்த்துரைகளும் நீண்டுகொண்டே போக, இழந்த நேரம் முழுவதும் பட்டறைகளின் தலையில் விழுந்தது. சிறுகதை ஆசிரியையின் அறையில் இரண்டு பேரின் பக்கங்கள் பேசப்படாமல் நின்றன. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த இருவரோடும் தனியாகப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். பட்டறை நேரத்தைத் தொட மாட்டோம் என்று குழு முன்கூட்டியே ஒரு முடிவெடுத்தால் போதும். வாழ்த்துரை ஒன்றிரண்டு குறைந்தால் யாரும் குறைப்பட மாட்டார்கள்.

நடத்துபவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறார், என்ன விருது என்று பார்ப்பதோடு, ‘பங்கேற்பவர்களை என்ன எழுத வைக்கப் போகிறீர்கள்?’ என்ற கேள்வியையும் எழுத்திலேயே கேட்டு வாங்கலாம். அந்தப் பதிலை அழைப்பிதழில் பெயருக்குக் கீழே இரண்டு வரியில் போட்டால், எங்களுக்கும் எந்த அறைக்குப் போவது என்று தெரிந்துவிடும். எழுதி அனுப்பச் சொன்ன பக்கங்களைப் படிப்பதற்கும் நேரம் செலவாகிறது. அதற்கும் சேர்த்து மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். மேடைப் பேச்சாளருக்குக் கொடுப்பதைவிட இவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

அடுத்த விழாவில் இதே ஆட்கள் வந்தால், சிறுகதைப் பட்டறைக்கு அறிவிப்பு வந்த அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், ஒரு பக்கத்தைத் தயாராக வைத்திருங்கள். யாப்புக்கு முன்னனுபவம் எதுவும் தேவையில்லை, மேசை ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். பதிப்பு ஒப்பந்த அமர்வுக்கு, இதுவரை கையெழுத்துப் போட்ட தாள்கள் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வழக்கறிஞர் அம்மா அமர்வு முடிந்த பின்னும் இருந்து, வரிசையில் நிற்பவர்கள் எல்லாருடைய தாளையும் பார்த்துச் சொல்கிறார்.